ஆறப் பொறுக்காத அவசரம்

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த சகோதரியின் கணவருக்குத் தைராய்டு கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. பல ஆண்டுகள் கவனிக்காமல் வளரவிட்ட கட்டி அது. மூச்சுக்குழாயையே ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. அத்தான் பருத்த உடல்வாகு கொண்டவர். அவரது குறட்டை அடுத்த வீடு வரை கேட்கும். ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குப் பின் அறுவை மருத்துவர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அக்காள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். சற்று நேரத்தில் மயக்கவியல் மருத்துவர் வந்தார். என் மாணவிகளின் வயதுதான் அவருக்கு இருக்கும். “தொண்டையில் உள்ள சுவாசக் குழாயை இன்று எடுக்கப்போவதில்லை சார். இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, காலையில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு எடுப்போம்” என்றார்.

“ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே டாக்டர், இன்னும் எதற்குக் குழாய்? ஓர் இரவுக்கு அங்கே எவ்வளவு கட்டணம்?” என்று கேட்டேன். பொருளியல் கற்பித்தவனுக்கு முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான். அவர் கோபப்படவில்லை. “குழாயைப் போடுவது எங்கள் கையில் இருக்கிறது சார். எடுத்த பிறகு நடப்பது முழுவதும் எங்கள் கையில் இல்லை” என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை குழாய் அகற்றப்பட்டது. மூன்றாம் நாள் அத்தான் வீடு திரும்பினார். கட்டணச் சீட்டில் அந்த ஓர் இரவுக்கான தொகையைப் பார்த்து நான் முணுமுணுத்தது இன்றும் நினைவிருக்கிறது. பிற்பாடு இத்துறை குறித்து எனக்குப் புரிந்த அளவில் படிக்கத் தொடங்கியபோது, அந்த முணுமுணுப்புக்காக வெட்கப்பட்டேன். நான் படித்தவற்றிலிருந்து எழுந்த கேள்வி என் துறைக்கே உரியது: அறுவை அரங்கில் காத்திருத்தலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

போடுவதும் எடுப்பதும்

பெரிய அறுவை சிகிச்சைகளில் நோயாளிக்கு உணர்வை நீக்கும் மருந்துடன் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தரப்படுகிறது. தசைகள் தளர்ந்ததும் நோயாளியால் தானாக மூச்சுவிட இயலாது. ஆகவே வாய் வழியே, குரல் நாண்களைக் கடந்து, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி இயந்திரத்தின் உதவியால் சுவாசம் அளிக்கிறார்கள். அறுவை முடிந்ததும் மருந்துகளின் ஆற்றலைத் தணித்து, நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்கியபின் குழாயை எடுக்கிறார்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது எளிமையாகவே நடந்தும் முடிகிறது.

ஆனால் இரண்டு நிகழ்வுகளின் சூழலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குழாயைப் போடும்போது நோயாளியின் தொண்டை இயல்பாக இருக்கிறது. வயிறு காலியாக இருக்கிறது. நுரையீரல் ஆக்சிஜனால் நிரப்பப்பட்டிருக்கிறது. அரங்கில் உள்ள அனைவரின் கண்ணும் அங்கேயே இருக்கிறது. எடுக்கும்போதோ தொண்டை வீங்கியிருக்கலாம். இரத்தமும் உமிழ்நீரும் தேங்கியிருக்கலாம். மருந்துகள் பாதி தெளிந்தும் பாதி தெளியாமலும் இருக்கும். அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டிருப்பார். ஒருவர் கருவிகளை எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அடுத்த நோயாளியை அழைக்கப் போயிருப்பார்.

இந்நிலையில் பல இடர்கள் நேரலாம். அரைமயக்கத்தில் இருக்கும்போது ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளக்கூடும். தசைத் தளர்த்தி மருந்து சிறிதளவு எஞ்சியிருந்தால், நோயாளி தலையை அசைப்பார், கையை இறுக்கிப் பிடிப்பார். ஆனால் தொண்டைத் தசைகளுக்கு மட்டும் வலு வந்திராது. உடல் பருமனும் உறக்கத்தில் மூச்சடைப்பும் உள்ளவருக்கு, வலிநீக்கி மருந்தின் மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துவிடலாம். கழுத்தில் அறுவை செய்தவருக்கு உள்ளே இரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை நெருக்கலாம். இவை எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று உண்டு: மீண்டும் குழாயைப் போட முயலும்போது அந்த வழி முதல்முறை இருந்ததுபோல் இருப்பதில்லை. ஆக்சிஜன் முற்றிலும் தடைப்பட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

எண்கள் சொல்வது

அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இன்றைய மயக்க மருத்துவம் மிகவும் பாதுகாப்பானது. பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் கடினச் சுவாசப்பாதைச் சங்கமும் இணைந்து, 2008 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தின. தேசிய சுகாதார சேவையின் 309 மருத்துவமனைகள் அதில் பங்கேற்றன. அவ்வாண்டில் அளிக்கப்பட்ட பொது மயக்கங்கள் ஏறத்தாழ 29 லட்சம். மயக்கத்தின்போது சுவாசப்பாதை தொடர்பாகப் பதிவான பெரும் சிக்கல்கள் 133, இறப்புகள் 16. அதாவது, ஏறத்தாழ 22 ஆயிரம் பேரில் ஒருவருக்குச் சிக்கல். எல்லா நிகழ்வுகளும் பதிவாகியிருக்க வாய்ப்பில்லை என்பதை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது; ஆயினும் இது சிறிய எண்தான்.

2011-இல் வெளியான அந்த அறிக்கையில் என் கவனத்தை ஈர்த்தது மற்றொரு செய்தி. மயக்கத்தோடு தொடர்புடைய நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நோயாளி மயக்கம் தெளியும்போதோ அதன்பின் மீட்பறையிலோ நிகழ்ந்தவை. அறுவை முடிந்துவிட்டது என்று உறவினர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே வேளையில் நிகழ்ந்தவை அவை.

அமெரிக்கச் சான்று இதைவிடக் கூர்மையானது. அந்நாட்டின் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், கடினமான சுவாசப்பாதையைக் கையாள்வதற்கான வழிகாட்டுதலை 1993-இல் வெளியிட்டது. பின்னர் இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. மயக்கம் கொடுக்கத் தொடங்கும் கட்டத்தில் எழுந்த வழக்குகளில், மரணத்திலோ மூளைச் சேதத்திலோ முடிந்தவற்றின் பங்கு 1985–92 காலத்தில் 62 விழுக்காடாக இருந்தது. 1993–99 காலத்தில் 35 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் குழாய் எடுப்பது உள்ளிட்ட பிற்பட்ட கட்டங்களில் அத்தகைய குறைவு தென்படவில்லை. கருவிகளும் பயிற்சியும் ஆராய்ச்சியும் நுழைவாயிலில் குவிந்திருந்தன. வெளிவாயிலில் காவல் போடப்படவில்லை.

தெரிந்த தீர்வுகள்

இந்தக் குறையை மருத்துவ உலகம் உணராமல் இல்லை. பிரிட்டனின் கடினச் சுவாசப்பாதைச் சங்கம், குழாய் எடுப்பதற்கென்றே தனி வழிகாட்டுதலை 2012-இல் வெளியிட்டது. திட்டமிடுதல், ஆயத்தப்படுத்துதல், செய்தல், பின்கவனிப்பு என்ற நான்கு படிகள் கொண்டது அது. இந்தியாவிலும் அகில இந்தியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2016-இல் இதற்கான வழிகாட்டுதலைத் தந்துள்ளது. அதை உருவாக்கியவர்களில் புதுச்சேரி ஜிப்மர் பேராசிரியரும் முன்னணியில் இருந்தார் என்பது நமக்குப் பெருமை.

இவற்றின் சாரம் எளிது. குழாயைப் போடுவது சில நேரங்களில் அவசரமாக நேரலாம். எடுப்பதில் அந்த அவசரம் கிடையாது. எப்போது, எங்கே, யார் முன்னிலையில் எடுப்பது என்பதை மருத்துவரே தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே முதலில் நோயாளியை வகைப்படுத்த வேண்டும். இடர் மிகுந்தவர் என்றால், தலைமாட்டை உயர்த்தி, முழு ஆக்சிஜன் அளித்து, தொண்டையைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, நன்றாக விழித்தபின் எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால், குழாயை எடுக்கும்போது அதன் இடத்தில் ஒரு மெல்லிய வழிகாட்டிக் குழலை விட்டுவைக்கலாம். தேவைப்பட்டால் அதன்மீதே புதிய குழாயைச் செலுத்திவிடலாம். அதுவும் பாதுகாப்பில்லை என்றால் தள்ளிப்போடலாம். அல்லது கழுத்தில் துளையிட்டுச் சுவாசப்பாதை அமைக்கலாம்.

நம் நாட்டுக்கு இது தனிப் பொருத்தம் உடையது. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் வாய்ப்புற்றுநோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில்தான். புகையிலையின் கொடை அது. தாடையிலும் நாக்கிலும் அறுவை செய்துகொண்ட ஒருவரின் தொண்டை எந்நிலையில் இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வயது முதிர்ந்தோரும் உடல் பருமன் உடையோரும் அறுவை அரங்குக்கு வருவதும் பெருகி வருகிறது.

அன்று அத்தானின் தலைமாட்டில் ஒரு சிறு தட்டில் கத்தரிக்கோலும் இடுக்கியும் மூடி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். தையல் பிரிக்க ஒரு வாரம் ஆகுமே, இப்போதே எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். தைராய்டு அறுவைக்குப் பின் கழுத்துக்குள் இரத்தம் தேங்கி மூச்சு முட்டினால், அரங்குக்குக் கொண்டுசெல்லக் காத்திராமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கான கருவிகள் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும் என்று 2022-இல் வெளியான பிரிட்டன் வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. அதைப் படித்தபோதுதான் அந்தத் தட்டின் பொருள் எனக்கு விளங்கியது.

நேரத்துக்கு விலை இல்லை

அறிவு இருக்கிறது, வழிகாட்டுதலும் இருக்கிறது. பிறகு ஏன் இவை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வருவதில்லை? இங்கேதான் பொருளியல் உள்ளே வருகிறது.

காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகை என்ற முறையில் இயங்குகின்றன. செலவை அடக்கிவைக்க இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் தொகை நிலையானது என்றால், கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் மருத்துவமனையின் கையிருப்பிலிருந்தே போகிறது. குழாயை எடுக்குமுன் அரைமணி நேரம் பொறுத்திருந்தால் அந்த அரைமணிக்கு வருவாய் இல்லை. மீட்பறையில் ஒரு செவிலியர் ஒரே நோயாளியின் அருகில் அமர்ந்திருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் இல்லை. கத்திக்கு விலை உண்டு, காத்திருப்புக்கு இல்லை.

சிறிய நர்சிங் ஹோம்களின் நிலை இன்னும் கடினம். அங்கே மயக்கவியல் மருத்துவர் பெரும்பாலும் அழைப்பின் பேரில் வந்து செல்பவர். ஓர் இடத்தில் முடித்து அடுத்த இடத்துக்கு விரைய வேண்டியவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு லட்சம் மக்களுக்குக் குறைந்தது 5 மயக்கவியல் வல்லுநர்கள் வேண்டும் என்பது மயக்கவியல் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு வகுத்த அளவு. இந்தியா அதற்கு வெகுதொலைவில் நிற்கிறது. இருப்பவர் சிலரே ஆதலால், அவர்களது ஒவ்வொரு நிமிடத்துக்கும் போட்டி இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அவசரப்பட்டு எடுத்தாலும் மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆயிரம் முறை அவசரப்பட்டவர் ஆயிரம் முறையும் வெற்றியே காண்கிறார். அவருக்கு ‘கை வேகம் உள்ளவர்’ என்ற பெயரும் கிடைக்கிறது. நிதானித்தவரோ தாமதக்காரர் என்று முகச்சுளிப்புக்கு ஆளாகிறார். தவிர்க்கப்பட்ட விபத்து எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் தாமதம் அன்றாடம் கண்ணில் படுகிறது. அவசரத்தால் கிடைக்கும் ஆதாயம் நிறுவனத்துக்கு. அதன் இடர் நோயாளிக்கு. ஒருவர் பெறும் பயனுக்கு வேறொருவர் விலை கொடுக்கும் இந்நிலையைச் சந்தை தானாகத் திருத்தாது என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி.

உறவினர்களாகிய நாமும் இந்த அவசரத்தில் பங்குதாரர்களே. “எப்போது வெளியே கொண்டுவருவீர்கள்?” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிறோம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நான்கு மணி நேர அறுவைக்குக் காத்திருந்த நான், அந்த ஓர் இரவுக்குக் காத்திருக்கச் சலித்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் தாமதம் வேண்டுமா?

வேண்டியதில்லை. குழாய் நீண்ட நேரம் இருப்பதும் தீங்கே. நுரையீரல் தொற்றுக்கு அது வழிவகுக்கும். தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் நம்மிடம் அளவோடுதான் உள்ளன. தேவையற்ற ஒருவர் அங்கே படுத்திருந்தால், தேவையுள்ள ஒருவர் வெளியே காத்திருக்க நேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஐந்து அறுவைகள் நடக்கும் ஓர் அரங்கில் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 20 நிமிடம் ஒதுக்கினால் 100 நிமிடம் ஆகிறது. ஒரு சிறு அறுவையையே கைவிட வேண்டிவரும். ஐவரில் இடர் மிகுந்த ஒருவருக்கு மட்டும் ஒதுக்கினால் 20 நிமிடம்தான். எனவே யாருக்குக் காத்திருப்பது என்று முன்கூட்டியே பிரித்தறிவதே சிக்கனமான வழி. மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, காப்பீட்டுக் கட்டண அமைப்பில் திருத்தம் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018-இல் தொடங்கி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கும் மத்திய அரசின் திட்டமும் ஏழைகளுக்கு அறுவை அரங்கின் கதவைத் திறந்துவிட்டன. அரங்கிலிருந்து அவர்கள் பத்திரமாக வெளியே வருவதற்கும் அத்திட்டங்களில் இடம் வேண்டும். இடர் மிகுந்த நோயாளியின் மயக்கம் தெளிவித்தலுக்கும் பின்கவனிப்புக்கும் தனித் தொகை ஒதுக்கலாம். இரவுக் கணக்கில் பணம் தந்தால் தேவையின்றி இரவுகள் பெருகும் என்பதையும் அறிவேன். ஆகவே, அறுவைக்கு முன்பே எழுதப்பட்ட இடர் மதிப்பீடு இருந்தால் மட்டுமே தொகை, அதிலும் மாதிரித் தணிக்கை என்ற கட்டுப்பாடு அவசியம்.

இரண்டாவதாக, கருவிகள். மணிக்கட்டு நரம்பில் நான்கு முறை சிறு மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரலின் முதல் அசைவோடு நான்காவது அசைவை ஒப்பிட்டு, மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று எண்ணில் காட்டும் கருவி உண்டு. அந்த விகிதம் 0.9-ஐ எட்டிய பின்னரே குழாயை எடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. கண்மதிப்பும் கைமதிப்பும் இதில் போதா. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியும் அவ்வாறே. பல லட்சம் ரூபாய்க்கு அறுவைக் கருவிகள் வாங்கும் மருத்துவமனைகளுக்கு இவை தாங்க முடியாத செலவு அல்ல.

மூன்றாவதாக, செலவே இல்லாத ஒரு மாற்றம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் மூன்று இடங்களில் நின்று கவனிக்கச் சொல்கிறது: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறும் முன். உள்ளூர்த் தேவைக்கேற்ப இதை விரிவாக்கிக்கொள்ள அந்நிறுவனமே இடமளிக்கிறது. குழாயை எடுக்கும் முன் என்று நான்காவதாக ஒரு நிறுத்தத்தை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடம் அரங்கில் பேச்சு அடங்கட்டும். அறுவை மருத்துவர் உடனிருக்கட்டும். மீண்டும் குழாய் போட வேண்டிவந்தால் என்ன செய்வது என்று ஒருவர் உரக்கச் சொல்லட்டும்.

நான்காவதாக, கணக்கெடுப்பு. பிரிட்டன் 133 நிகழ்வுகளை எண்ணியதால்தான் எங்கே ஓட்டை என்று அதற்குத் தெரிந்தது. யாரையும் தண்டிக்காமல், பெயர் வெளியிடாமல் நடத்தப்பட்ட ஆய்வு அது. இத்தகைய பண்பாடு தமிழகத்துக்குப் புதிதல்ல. பேறுகால இறப்பு ஒவ்வொன்றையும் பதிந்து ஆராயும் வழக்கத்தை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் இது. 2001–03-இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த பேறுகால இறப்பு, 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. இறப்பை மறைக்காமல் எண்ணத் துணிந்ததும் அவற்றுள் ஒன்று. அறுவை அரங்கில் மூச்சு தடைப்பட்ட நிகழ்வுகளுக்கும் அத்தகைய ஆய்வு தேவை. வழக்குக்கு அஞ்சி ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தவறைத் தனக்குள் புதைத்துக்கொண்டால், அதே தவறு அடுத்த ஊரில் மீண்டும் நிகழும்.

இறுதியாக, நம் பங்கு. உறக்கத்தில் மூச்சடைப்பு, முன்பு மயக்கம் தந்தபோது ஏற்பட்ட சிக்கல், கழுத்தில் செய்துகொண்ட கதிரியக்கச் சிகிச்சை ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அவரை அறுவைக்கு முன்பே சந்தித்து, மயக்கம் தெளியும்போது யார் அருகில் இருப்பார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று பணிவோடு கேட்கலாம். இன்று பலருக்கு அறுவை மருத்துவரின் பெயர் தெரியும். மயக்கவியல் மருத்துவரின் பெயர் தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை; நான் கேட்கவும் இல்லை.

“இன்று எடுக்க வேண்டாம்” என்று ஒரு மருத்துவர் சொல்லும்போது, அவர் தன் வசதிக்காக அதைச் சொல்வதில்லை. அடுத்த அறுவையைத் தள்ளிப்போட்டு, நிர்வாகத்தின் கேள்விக்கும் உறவினர்களின் சந்தேகத்துக்கும் ஆளாகத் துணிந்தே சொல்கிறார். அந்தச் சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய நிலையை ஏற்படுத்துவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பொறுத்திருப்பது நம் கடமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).